43 நாள், 0 கிலோமீட்டர்

போன வருஷம் ஒரு பாய்மரப் படகில் 43 நாள் வாழ்ந்தேன். அந்த 43 நாளில் படகு எங்கேயும் போகவில்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என்று ஆறு கயிற்றில் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. ஹாஸ்டலில் இதைச் சொன்னதும் ரூம்மேட் கேட்டான்: "அப்போ அது போட்டா, ரூமா மச்சி?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் முடிந்ததும் எல்லோரையும் போல இன்டர்ன்ஷிப்புக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். ட்ரிபிள் ஈ-க்காரன் நான். ஒரே ஒரு பதில் வந்தது. கொச்சியில் படகுகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், மொத்தமே ஐந்து பேர். ஸ்டைபண்ட் 6,000 ரூபாய். எர்ணாகுளத்தில் நான் விசாரித்த பி.ஜி. வாடகை அதைவிட அதிகம். சரி, போய்ப் பார்ப்போம் என்று 2024 மே 30-ம் தேதி போய் இறங்கினேன். அன்றைக்குத்தான் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று வானிலை மையம் அறிவித்தது. என் டைமிங் எப்போதும் இப்படித்தான்.

முதல் வேலையே மரினாவில். மரினா என்றதும் நமக்குச் சுண்டல், குதிரை, மணல்தான் ஞாபகம் வரும். இது வேற. படகுகளுக்கான பார்க்கிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும் பலகைப் பாதைகள், அதன் இரண்டு பக்கமும் படகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கரன்ட் பிளக், ஒரு தண்ணீர்க் குழாய். கொச்சியில் இது போல்காட்டித் தீவில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1744-ல் கட்டிய அரண்மனை பக்கத்திலேயே. எதிரே வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். நடுவே வாட்டர் மெட்ரோ சத்தமே இல்லாமல் போய்வரும். அதில் இருப்பது லித்தியம் டைட்டனேட் பேட்டரி. முதல் நாள் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதில் ஸ்க்ரூடிரைவரைத் தண்ணீரில் விட்டேன். ஒர்க்‌ஷாப்பில் என் கணக்கு மைனஸில் ஆரம்பித்தது.

படகின் சொந்தக்காரருக்கு 62 வயது. சரக்குக் கப்பல்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து சீஃப் இன்ஜினியராக ரிட்டயர் ஆனவர். மரினாவில் எல்லாருக்கும் அவர் 'சீஃப்'. அவருடைய படகு 34 அடி நீளம், ஃபைபர் உடம்பு, என்னைவிட வயதில் மூத்தது. உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் கொச்சி வரை வந்து மனசு விட்டுப்போய் விற்றுவிட்டாராம். அதை சீஃப் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது.

நான் போன நேரம் அவர் முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடியோடு இருந்தார். ஈரப் பலகையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இனி ராத்திரி படகில் தங்கக் கூடாது என்று ஆன்ட்டி ஆர்டர் போட்டுவிட்டார். ஆனால் மழைக்காலத்தில் படகை ராத்திரி தனியாக விடவும் முடியாது. நான் ரூம் தேடுவது தெரிந்ததும் சொன்னார்: "மோனே, இவிடெக் கிடந்நோ. வாடக ஒந்நும் வேண்டா. ராத்ரி வெள்ளம் கேறுந்நுண்டோ நோக்கியா மதி."

ராத்திரி வெள்ளம் ஏறுகிறதா பார்க்க வேண்டுமாம். நான் அரண்டுபோனேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் சும்மா தண்ணீர் என்று ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், படகுக்குள் தண்ணீர் ஏறுவதும் பயப்பட வேண்டிய விஷயம்தான். அது எனக்குப் பிறகு புரிந்தது.

ஏன் காத்திருக்கிறது இந்தப் படகு? ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து நேராகக் கரையைப் பார்த்து அடிக்கிறது. பாய்மரப் படகால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சுமார் 45 டிகிரி சாய்த்து, இடமும் வலமுமாகக் கோணல் கோணலாகத்தான் முன்னேற முடியும். அப்படிப் போகும்போது இன்ஜின் நின்றாலோ பாய் கிழிந்தாலோ காற்று அதைக் கரையில் கொண்டுவந்து மோதிவிடும். டிசம்பரில் ஆள் மாறும். காற்று வடகிழக்கிலிருந்து, நிலத்தின் மேலிருந்து கடலுக்கு வீசும். அரபிக்கடல் தட்டு மாதிரி ஆகிவிடும். சீஃபின் பிளான் மாலத்தீவின் வடக்கு நுனியில் இருக்கும் உலிகமு தீவு. கொச்சியிலிருந்து சுமார் 260 கடல்மைல். மணிக்கு 5 கடல்மைல் வைத்தால் இரண்டு நாளும் கொஞ்சமும். அந்த இரண்டு நாளுக்காக ஆறு மாசம் கட்டிக் கிடக்க வேண்டும். மற்றவர்களும் கிடந்தார்கள். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளாவில் 52 நாள் விசைப்படகுத் தடைக்காலம்.

படகில் என் நாள் அஞ்சரை மணிக்கு ஆரம்பிக்கும். அலாரம் தேவையில்லை. நான் படுக்கும் இடம் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குகை. முதலில் காலை நுழைத்து, பிறகு உடம்பை உருட்ட வேண்டும். தலைக்கு மேல் ஒன்றரை அடி. எழுந்ததும் முதல் வேலை தரைப் பலகையைத் தூக்கி அடியில் பார்ப்பது. அந்தப் பள்ளத்தை பில்ஜ் என்பார்கள். படகில் எங்கே எது ஒழுகினாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். தண்ணீர் இருந்தால் விரலால் தொட்டு நக்கிப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், இது பழைய மெத்தட். உப்பாக இருந்தால் கடல் உள்ளே வருகிறது, உடனே பயப்படலாம். உப்பில்லை என்றால் மழை, டீ போட்டுவிட்டுப் பயப்படலாம். ஆனால் கொச்சிக் காயலில் மழைக்காலத்தில் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி வெளியே இருப்பதே முக்கால்வாசி நல்ல தண்ணீர் ஆகிவிடுகிறது. ஆற்றோடு ஆகாயத்தாமரையும் மிதந்து வந்து படகுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். ஆக, நக்கிப் பார்த்தும் தெளிவு கிடைக்காது. டீசல் ருசி மட்டும் கேரன்டி.

அடுத்தது கயிறுகள். காற்று வந்தால் படகு அசையும், கயிறு விளிம்பில் உரசும். ஒரே இடத்தில் பத்து நாள் உரசினால் விரல் தடிமன் நைலானும் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். அதனால் உரசும் இடத்தில் பழைய ஃபயர் சர்வீஸ் ஹோஸை வெட்டி உறை மாதிரி மாட்டியிருந்தார் சீஃப். தினமும் அந்த உறையைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பூஞ்சை. இதைப் பற்றி யாரும் இன்ஸ்டாவில் போடுவதில்லை. ஜூன் மாசம் மூடிய ஃபைபர் பெட்டிக்குள் வாழ்ந்தால் எல்லாவற்றிலும் பூஞ்சை வரும். மெத்தை, பெல்ட், காலேஜ் ஐ.டி. கார்டின் கயிறு, எல்லாம். வினிகர் நனைத்த துணியால் சுவர், கூரை, அலமாரி என்று துடைத்துக்கொண்டே வருவேன். கடைசி மூலைக்கு வரும்போது முதல் மூலையில் மறுபடி பச்சை தெரியும். ஜட்டி காய மூன்று நாள். நான்காம் நாள் மழைக்கு ஒரு மணி நேரம் இடைவெளி கிடைத்தால் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் தொங்கவிடுவேன். வாட்டர் மெட்ரோவில் போகும் டூரிஸ்ட்கள் அதையும் சேர்த்துத்தான் போட்டோ எடுத்தார்கள்.

ராத்திரி ஒரு சத்தம் வரும். டங், டங், டங். பாயை மேலே ஏற்றும் கயிறு அலுமினியப் பாய்மரத்தில் அடிக்கும் சத்தம். இதற்கு மருந்து அந்தக் கயிற்றை இழுத்து வேறு பக்கமாகக் கட்டுவது. முதல் வாரம் அது தெரியாமல் காதில் பஞ்சு வைத்துப் படுத்தேன். பிறகு தெரிந்து என் படகில் கட்டினேன். ஆனால் பக்கத்துப் படகில் யாரும் இல்லை. அது விடிய விடிய அடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜினியரிங் விஷயம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் சாக்ரிஃபிஷியல் அனோட் என்று ரெண்டு மார்க் கேள்வி படித்தோமே, அதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் பிடித்தேன். ப்ரொப்பெல்லர் வெண்கலம், ஷாஃப்ட் ஸ்டீல், இரண்டும் உப்புத் தண்ணீரில். அது ஒரு பேட்டரி. ஏதாவது ஒன்று கரைந்தே தீரும். அது ப்ரொப்பெல்லராக இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டிவிடுகிறார்கள். அது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். இதுவரை சிலபஸ். சிலபஸில் இல்லாதது என்னவென்றால், மரினாவில் எல்லாப் படகும் ஒரே கரன்ட் கனெக்‌ஷனில் இருக்கும்போது எர்த் ஒயர் வழியாக எல்லாம் சேர்ந்து ஒரே பேட்டரி ஆகிவிடும். பக்கத்துப் படகுக்காரர் கட்டியை மாற்றாமல் விட்டால் உங்கள் கட்டி அவருக்காகவும் கரையும். அதைத் தடுக்க ஐசொலேட்டர் மாட்ட வேண்டும். அது என் இரண்டாவது வார வேலை. போதாக்குறைக்கு, நல்ல தண்ணீர் கலந்தால் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது வேலை செய்வதையே நிறுத்திவிடுகிறது. காயல் தண்ணீருக்கு அலுமினியக் கட்டிதான் சரி. இதையெல்லாம் வகுப்பில் சொல்லியிருந்தால் நான் அந்த யூனிட்டைச் சாய்ஸில் விட்டிருக்க மாட்டேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேசினேன். எங்க வீடு தூத்துக்குடி. அம்மா ஸ்பீக்கரில் போட்டு, தாத்தாவின் இடது காதுக்குப் பக்கத்தில் வைத்தாங்க. வலது காது சுத்தமாகக் கேட்காது. வயது 83.

"எங்கல கெடக்க?"

"கொச்சியில தாத்தா. ஒரு போட்ல."

"என்ன போட்டு?"

"பாய் வச்ச போட்டு."

லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் குரல் வந்தது. "எத்தனை பாயி?"

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். என் தாத்தா தோணியில் வேலை பார்த்தவர். இன்ஜின் இல்லாத பாய்த்தோணி. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, கொச்சி என்று சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர். கடைசிப் பத்து வருஷம் தண்டல், அதாவது தோணியின் கேப்டன். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஆறாம் வகுப்பில் 'மை கிராண்ட்ஃபாதர்' என்று எஸ்ஸே எழுதச் சொன்னபோது நான் எழுதியது 'அவர் ஷிப்பிங் இண்டஸ்ட்ரியில் இருந்தார்'. அந்த ஸ்கூலில் மற்ற பசங்களின் தாத்தாக்கள் பேங்க் மேனேஜர், டாக்டர். மிஸ் 'வெரி குட்' போட்டாங்க. அதற்குப் பிறகு பத்து வருஷம் நான் அவரிடம் தோணியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவராகச் சொன்ன நேரங்களில் நான் ஹெட்போனில் இருந்தேன்.

அன்றைக்குக் கேட்டேன். பாயின் கீழ் நுனியை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை யூடியூபில் 'ஷீட்' என்று படித்திருந்தேன். தாத்தா அதை 'தாமான்' என்றார். படகின் முன்பக்கம் 'அணியம்'. மறுநாள் சீஃபிடம் அணியம் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அதே, அணியம். பின்னில் அமரம்" என்றார். மலையாளத்திலும் அதுதானாம். மம்மூட்டி நடித்த 'அமரம்' படத்தின் பேருக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாத்தா கொச்சியில் மாட்டிக்கொண்ட கதை அதற்கடுத்த போனில் வந்தது. உப்பு ஏற்றிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறார்கள். திரும்புவதற்குள் கச்சான் காற்று விழுந்துவிட்டது. மட்டாஞ்சேரிப் பக்கம் கட்டிப் போட்டுவிட்டு எட்டு பேர், ஒரு தோணி, ஆவணி வரை. நான் இருந்த இடத்திலிருந்து துறைமுகத்துக்கு அந்தப் பக்கம்தான் மட்டாஞ்சேரி.

"மூணு மாசம் தினமும் என்ன செஞ்சீங்க?"

"தண்ணி எறைச்சோம்."

"வேற?"

"கலப்பத்து பார்த்தோம். பாயி தச்சோம். பெறவு தண்ணி எறைச்சோம்."

கலப்பத்து என்றால் பலகைகளுக்கு நடுவே பஞ்சு அடைத்து ஓட்டை அடைப்பது. எனக்கு அப்போது இதெல்லாம் பழைய காலத்துக் கஷ்டம் என்றுதான் தோன்றியது. நம்ம படகு ஃபைபர். ஆட்டோமேட்டிக் பம்ப் வேறு இருக்கிறது.

ஜூன் மூன்றாவது வாரம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் ஜில்லென்று தண்ணீர். கரையில் கரன்ட் போயிருந்தது. அது பரவாயில்லை, பம்ப் பேட்டரியில் ஓடும். ஆனால் அதன் ஸ்விட்சில் ஏதோ குப்பை சிக்கி அது எழும்பவே இல்லை. மொபைல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கை பம்பை அடிக்க ஆரம்பித்தேன். அடிக்க அடிக்கத் தண்ணீர் குறையவே இல்லை. நக்கியும் பார்த்தேன். உப்பா, இல்லையா? சத்தியமாகத் தெரியவில்லை.

காரணம் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆனது. மேலே உட்காரும் இடத்தில் விழும் மழைத் தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாகக் கீழே இறங்கி, படகின் அடியில் ஓட்டை வழியாக வெளியே போகும். அந்த ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்து உடைந்திருந்தது. மேலிருந்து மழை உள்ளே வருகிறது, கீழிருந்து காயலும் உள்ளே வருகிறது. அதனால்தான் நாக்குக் குழம்பியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் கூம்பு வடிவத்தில் ஒரு மர ஆப்பு கயிற்றில் தொங்கும். அவசரத்துக்கு அடைக்க. வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு ஆப்பு வைத்திருக்கிறார்கள். நான் வைத்த முதல் ஆப்பு அதுதான். அடித்து இறுக்கினேன். பிறகு ஒர்க்‌ஷாப் பையில் இருந்த சைக்கிள் டியூப் துண்டால் ஹோஸைச் சுற்றிக் கட்டிவிட்டு, விடியும் வரை இறைத்தேன்.

ஏழு மணிக்கு சீஃப் வந்தார். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். தட்டிக்கொடுத்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து அவருடைய நீல நோட்டை எடுத்து, '62. எல்லா கிளாம்ப்பும் மாற்று' என்று எழுதினார்.

அந்த நோட்டைப் பற்றி முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். படகு கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளின் லிஸ்ட் அது. ஒன்றை அடித்தால் இரண்டு சேரும். 1-ல் ஆல்டர்னேட்டர் இருக்கும், 37-ல் கப் ஹோல்டர் இருக்கும். அவர் கிளம்புவதாகச் சொல்லி மூன்று டிசம்பர் போய்விட்டது. ஒரு தடவை இன்ஜின், ஒரு தடவை பாய்மரக் கம்பிகள், ஒரு தடவை முழங்கால். "டிசம்பர்ல போகும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது "ஏது டிசம்பர்?" என்று சிரிப்பார்கள்.

தூக்கமில்லாத கடுப்பில் நானும் கேட்டுவிட்டேன். "சீஃப், நிஜமா நீங்க போவீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். கைத்தடியை ஊன்றிப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாள் நான் இருந்த நிலைமையை எழுத வேண்டாம். மூன்றாவது நாள் மீன்கறியோடு ஆன்ட்டி வந்தாங்க. நான் சாரி சொன்னேன். அவங்க பாத்திரத்தைத் திறந்துகொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாங்க. முப்பது வருஷமும் அவர் கப்பலின் அடியில், இன்ஜின் ரூமில் இருந்தவர். இன்ஜினை ஓட்டு என்று மேலே இருந்து சொல்வார்கள், இவர் ஓட்டுவார். எங்கே போகிறோம், எப்போது கிளம்புகிறோம் என்பதை ஒருநாளும் அவர் முடிவு செய்ததில்லை. இந்தப் படகையும் துறைமுக வாய் தாண்டி ஒருமுறைகூட வெளியே கொண்டுபோனதில்லை. பயம். அதைச் சொல்லத் தெரியாமல்தான் நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

மீன்கறி பிரமாதமாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

அன்று ராத்திரி தாத்தாவிடம் போனில் ஆப்பு வைத்த கதையைச் சொன்னேன். அம்மாவுக்குப் பதறியது. தாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. நான் கேட்டேன், "ஒழுக்கு எல்லாம் அடைச்ச பிறகுதான் தோணி கெளம்புமா தாத்தா?"

"மரத்தோணியில ஒழுக்கு நிக்கவே நிக்காதுல."

"அப்போ எப்பக் கெளம்பலாம்னு எப்படித் தெரியும்?"

"ராத்திரி எறைச்சுட்டுப் படு. விடிய வரைக்கும் தாங்குதான்னு பாரு. தாங்கிச்சுன்னா பாயைக் கட்டிர வேண்டியதான்."

நான்கு வருஷமாக ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி, டாலரன்ஸ் என்று படிக்கிறோம். எனக்கு இப்படி யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு ஒழுகலாம் என்று ஒரு நம்பர் வைத்துக்கொள், அதற்குக் கீழே வந்தால் புறப்படு. அவ்வளவுதான் அந்த மனிதரின் டிசைன் கிரைட்டீரியா.

மறுநாள் சீஃப் வந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேட்டரி வேலையைச் செய்துகொண்டே, ஏதோ கதை சொல்வது போலத் தாத்தா சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தாத்தா எத்ர கொல்லம் தோணியில்?" 27 வருஷம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நோட்டைத் திறந்தார். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் படகை மூழ்கடிக்கும் வேலைகள். அந்தப் பக்கம் மூழ்கடிக்காதவை. சாயங்காலம் வரை இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். சில வேலைகளுக்குச் சண்டை போட்டோம். ஃப்ரிட்ஜ் படகை மூழ்கடிக்காது என்பதை ஒத்துக்கொள்ள அவருக்கு அரை மணி நேரம் ஆனது. 62-ல் மூழ்கடிப்பவை 14.

மீதி நாட்கள் வேகமாக ஓடின. அந்தப் பதினான்கில் ஐந்து எலெக்ட்ரிக்கல், அதாவது என்னுடையது. அதில் பெரியது ஆல்டர்னேட்டர். பழைய லெட் ஆசிட் பேட்டரிக்காகச் செய்த ஆல்டர்னேட்டரை நேராக லித்தியம் பேட்டரியில் கொடுத்தால், லித்தியத்தின் உள் மின்தடை குறைவு என்பதால் கிடைக்கிற கரன்ட்டையெல்லாம் அது உறிஞ்சும். ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும். நடுவே ஒரு டிசி டூ டிசி சார்ஜர் வைத்து அளவாகக் கொடுக்க வேண்டும். மாட்டி, இன்ஜினைக் கியரில் போட்டு ஓட்டினோம். படகு ஆறு கயிற்றையும் இழுத்துக்கொண்டு அரை அடி முன்னால் போக முயற்சி செய்தது. என் 43 நாள் பயணத்தில் அதிகபட்ச வேகம் அதுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சீஃப் தாத்தாவுடன் பேச வேண்டும் என்றார். நான் மொழிபெயர்க்கத் தயாராக உட்கார்ந்தேன். தேவைப்படவில்லை. அவர் மலையாளத்தில் கத்த, இவர் தூத்துக்குடித் தமிழில் கத்த, பத்து நிமிஷம் போனது. எனக்குப் பாதிதான் புரிந்தது. கடைசியில் தாத்தா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது: "விடியக்கருக்கல்ல கெளம்புங்க. கரைக்காத்து தள்ளிவிட்டிரும்."

ஜூலை 11. பையைத் தூக்கிக்கொண்டு பலகையில் இறங்கினேன். ஒரு வாரத்துக்குத் தரை ஆடிக்கொண்டே இருந்தது. பை மட்டும் செமஸ்டர் முடியும் வரை டீசல் வாடை.

அதன் பிறகு ஏழாவது செமஸ்டர், பிளேஸ்மென்ட். ஒரு ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது. ஜாயினிங் தேதி என்ற இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று போட்டிருக்கிறது. சீனியர் அண்ணன் ஒருத்தர் அந்த 'பின்னர்' வருவதற்கு 11 மாசம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தினமும் ஒரு தடவை கேட்கிறார்கள். நானும் ஒரு நோட்டு வாங்கி நடுவே கோடு போட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் சீஃப் கிளம்பவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பொங்கல் லீவுக்கு வீட்டில் இருந்தேன். ஜனவரி 17 காலை 4.50-க்கு ஒரு மெசேஜ். இருட்டில் எடுத்த போட்டோ, கூடவே இரண்டு வார்த்தை: 'கயறு அழிச்சு.' தூக்கக் கலக்கத்தில் படகு அழிந்தே போனது என்று நினைத்தேன். கயிற்றை அவிழ்த்தாச்சு என்று அர்த்தம். பழைய கப்பல் நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறார். ஆன்ட்டி பிளைட்டில் வந்து மாலேயில் பார்ப்பதாக ஏற்பாடு.

கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஆப்பைத் திறந்தேன். துறைமுக வாய் தாண்டி ஒரு குட்டி முக்கோணம். வேகம் 4.8 நாட். தாத்தா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போனைக் காட்டினேன். அவருக்கு அந்த முக்கோணம் தெரியவில்லை.

"காத்து எங்கேருந்து?"

வானிலை ஆப்பைப் பார்த்து, "வடகிழக்கு தாத்தா, 12 நாட்" என்றேன்.

"வாடையா, கொண்டலா?"

ஆப்பில் அது இல்லை. அவர் திண்ணையில் இருந்து இறங்கி, தெருவில் நின்று, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் முக்கோணம் மறைந்துவிட்டது. கரையிலிருக்கும் ஆன்டெனாவின் எல்லையைத் தாண்டினால் சின்னப் படகுகள் தெரியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கும் மறுநாளும் அந்த ஆப்பை எத்தனை தடவை திறந்தேன் என்று கணக்கில்லை. தாத்தா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மெசேஜ் வந்தது. சத்தமாகப் படித்தேன், இடது காதுக்குப் பக்கத்தில்.

'எத்தி. தாத்தாவோடு பறயணம்: ராவிலெ ஒரு தவண, ராத்ரி ஒரு தவண.'

தாத்தாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை இறைத்திருக்கிறார்கள்.

"கொறைவுதான்" என்றார்.